லயத்து வீட்டு வாரிசுகள்: குடும்பக் குழு

வெள்ளி, இரவு 8.40

கவின்: ஞாயிறு நானும் கூட்டாளிகள் இரண்டு பேரும் ஈப்போவிலிருந்து செண்டரோ ஏரிக்குச் சைக்கிளில் போகிறோம். செம்மோர், சுங்கை சிப்புட், கோல கங்சார், அப்புறம் கிரிக் சாலை.

அம்மா: ஏரி பார்க்க அவ்வளவு தூரமா? தைப்பிங்கில் இல்லாத ஏரியா?

கவின்: அது பூங்காம்மா. இது பேராக் ஆற்றை மறித்துக் கட்டிய அணையின் ஏரி. சவுக் பக்கம்.

தேவி சித்தி: சவுக்கா! 2000-இல் ஆயுதங்களைக் கொள்ளையடித்தவர்கள் அந்த ஊர் மலையில்தானே ஒளிந்தார்கள். டிவி முன்னாலேயே கிடந்தோம்.

கவின்: சித்தி, அப்போது எனக்கு இரண்டு வயது.

பெரிய மாமா: அணை 1930-இல் கட்டியது. அந்தக் கரண்டில்தான் கிந்தா ஈயச் சுரங்கங்கள் ஓடின. அது இருக்கட்டும், பெரிய சாலையிலேயே ஏன் போகிறாய்? கந்தான் வரைக்கும் லோரித் தூசி தின்றது போதாதா? சுங்கை சிப்புட் வந்ததும் காராய் பக்கம் திரும்பு. விக்டோரியா பாலம் ஏறி எங்கோர் இறங்கினால் ஆற்றங்கரைக் கம்பத்து ஊர்கள். அங்கிருந்து கிரிக் சாலையைப் பிடித்துவிடலாம்.

கவின்: அது ரயில் பாலம் இல்லையா மாமா?

பெரிய மாமா: 1900-இல் திறந்தது. ரயில் இப்போது பக்கத்துப் புதுப் பாலத்தில் போகிறது. பழையதின் ஓரப் பாதையில் மோட்டார் சைக்கிள்கூடப் போகும். பாதை ஒடுக்கம். எதிரில் மோட்டார் வந்தால் இறங்கி, சைக்கிளைக் கம்பியோடு ஒட்டிச் சாய்த்துக்கொள். மழை பெய்திருந்தால் தள்ளிக்கொண்டே போ, வழுக்கும்.

தேவி சித்தி: கோல கங்சார் போகவில்லை என்றால் எனக்கு லாபு சாயோங் கூஜா யார் வாங்கி வருவது? அதில் ஊற்றிய தண்ணீர் ஐஸ் போட்ட மாதிரி இருக்கும். 1877-இல் நட்ட ரப்பர் மரமும் அங்கேதான் நிற்கிறது, பிள்ளைகள் பார்க்கட்டுமே.

பெரிய மாமா: நான் பார்த்த பால்மரம் போதும்.

கவின்: சித்தி, சைக்கிளில் மண்கூஜாவா? 😭

அம்மா: பசியாற வீட்டுக்கு வந்துவிடு, மூன்று பேரும். தோசை ஊற்றுகிறேன். எத்தனை மணிக்குக் கிளம்புகிறாய்?

கவின்: ஆறரை.

அம்மா: ஏழு மணிக்கு மேல்தான் விடியும். முன்னாலும் பின்னாலும் விளக்கு இருக்கிறதா?

கவின்: இருக்கிறது.

பெரிய மாமா: டியூப் இரண்டு எடுத்துக்கொள். செம்பனை மட்டை முள் டயரில் ஏறினால் கண்ணுக்கே தெரியாது. விரலால் தடவிப் பார்த்து முள்ளைப் பிடுங்காமல் புது டியூப் போட்டால் அதுவும் போய்விடும். குலை ஏற்றும் லோரி போன பாதையில் உதிர்ந்த பழமும் கிடக்கும், நசுங்கினால் எண்ணெய்.

சித்தப்பா: திரும்பி மிதிக்க வேண்டாம். மூன்று மணிக்கு மேல் எப்படியும் மழை இடித்துக்கொண்டு வரும். நான் சின்ன லோரியோடு சவுக் வருகிறேன். சைக்கிளைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

கவின்: சித்தப்பா 🙏 மாமா, அந்தப் பாலம் உங்களுக்கு எப்படி இவ்வளவு அத்துப்படி?

பெரிய மாமா: மீன் பிடிக்கப் போவோம். எனக்குப் பதின்மூன்று வயது இருக்கும். பாதிப் பாலத்தில் ரயில் வந்துவிட்டது. இரும்பு மொத்தமும் பல் கூசுகிற மாதிரி அதிர்ந்தது. சைக்கிளை விட்டுவிட்டுக் கம்பியைக் கட்டிக்கொண்டேன். தூக்குச் சட்டி மூடி கழன்று ஆற்றில் போயிற்று.

அம்மா: எந்தத் தூக்குச் சட்டி?

பெரிய மாமா: பழைய கதை விடு.

அம்மா: அண்ணா, அப்பா பால் வெட்டுக்குப் போகும்போது தேத்தண்ணீர் கொண்டுபோகிற சட்டியா? நீலப் பூ போட்டதா?

தேவி சித்தி: 😂😂

அம்மா: அந்த மூடியை நான் தொலைத்தேன் என்று அப்பா என்னை வாசலில் நிறுத்தி அடித்தார். நீ திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாய்.

சித்தப்பா: லோரியில் இடம் இருக்கிறது, பஞ்சாயத்துக்கும் எல்லாரும் ஏறலாம்.

பெரிய மாமா: ஞாயிற்றுக்கிழமை பசியாற நானும் வருகிறேன் தங்கச்சி.

அம்மா: உனக்குத் தோசை கிடையாது.

ஞாயிறு, காலை 10.25

கவின்: (படம்) பாலத்தில் நிற்கிறோம். செங்கல் தூண் ஒவ்வொன்றும் வீடு மாதிரி இருக்கிறது. தண்ணீர் பால் தேத்தண்ணீர் நிறம். மாமா, மூடி எந்தப் பக்கம் விழுந்தது?

பெரிய மாமா: காராயிலிருந்து போனால் மூன்றாவது தூண். இடப்பக்கம்.

அம்மா: இப்போது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.