புதுப்பிப்பு: பிரசவ வார்டு நர்சுகளுக்கு என்ன பயிற்சி?

முந்தைய இழை அமெரிக்காவின் தேசியக் குழந்தைகள் ஆய்வைப் பற்றியது. 2000ஆம் ஆண்டுச் சட்டத்தால் தொடங்கி, ஒரு லட்சம் குழந்தைகளை 21 வயதுவரை தொடரத் திட்டமிட்டு, 2014 டிசம்பரில் கைவிடப்பட்டது. பிரசவத்தின்போது தொப்புள்கொடி ரத்தம், நஞ்சுக்கொடி மாதிரிகளை எடுக்கும் இப்படிப்பட்ட ஆய்வுகளில் பிரசவ வார்டு நர்சுகளுக்கு எதைக் கற்றுத்தர வேண்டும் என்று அந்த இழையின் கீழே கேட்டிருந்தார்கள்.

முதல் பாடம் எல்லை. தொப்புள்கொடியை எப்போது கிளாம்ப் செய்வது (கவ்வி போட்டு இறுக்குவது) என்பது சிகிச்சை முடிவு. மாதிரிக்காக அதை ஒரு நொடிகூட முன்னால் இழுக்கக் கூடாது. தாமதித்து கிளாம்ப் செய்தால் ரத்தம் குறைவாகத்தான் கிடைக்கும். அதை ஆய்வுக்குழு முன்பே கணக்கில் எடுக்க வேண்டும்.

அடுத்தது கை வேலை. கொடியின் மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, தொப்புள் சிரையில் ஊசி போட்டு எடுக்கணும். துடைக்காவிட்டால் தாயின் ரத்தம் கலந்துவிடும். கொடியைப் பிழிந்தால் சிவப்பணு உடையும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சேர்த்த ஊதா மூடிக் குழாயை உடனே 8 முதல் 10 முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தணும், குலுக்கக் கூடாது, தாமதித்தால் உறைந்துபோகும். ஈயம், பாதரசம் பார்க்க வேண்டுமென்றால் அதற்கென உள்ள, உலோகக் கலப்பில்லாத குழாய்தான்.

லேபிளைத் தாயின் கைப்பட்டையோடு ஒப்பிட்டு, கட்டிலருகிலேயே ஒட்டுங்கள். நஞ்சுக்கொடியைப் பழக்கதோஷத்தில் ஃபார்மலினில் (திசுவைப் பதப்படுத்தும் திரவம்) போடுவதும் சகஜம். ஃப்ரெஷ் திசு கேட்கும் சோதனைகளுக்கு அது பிறகு உதவாது.

ஒருமுறை பகலில் வகுப்பெடுத்துவிட்டுப் போனால் நைட் ஷிஃப்டுக்கு எதுவும் போய்ச் சேராது. ஷிஃப்டுக்கு ஒருவரையாவது நேரில் செய்துகாட்டச் சொல்லிப் பாருங்கள்.