ரூன்ஸ்கேப்: ப்ரெண்ட்ஸ் லிஸ்ட் முழுக்க சிவப்பு, பழைய ஆளுங்க யாருக்காவது திரும்ப கிடைச்சாங்களா?

பழைய_கோடாரி:
2006 வாக்குல ரூன்ஸ்கேப்ங்கற ஆன்லைன் கேம்ல சேர்ந்த கேங் எங்களோடது. 2013 பிப்ரவரில அந்த கேமோட பழைய வடிவம் ஓல்டு ஸ்கூல்ங்கற பேர்ல வந்தப்போ பாதி பேரு திரும்ப வந்தாங்க, அப்புறம் வேலை கல்யாணம்னு ஒவ்வொருத்தரா காணாம போயிட்டாங்க. இப்ப சும்மா லாகின் பண்ணி பாத்தா லிஸ்ட்ல எல்லா பேரும் சிவப்பு (ஆன்லைன்ல இல்லன்னு அர்த்தம்), ஒரு பச்சை கூட இல்ல. புது ஆளுங்க ஆட்டத்த ஆரம்பிக்கிற லம்ப்ரிட்ஜ் கோட்டை அப்படியே இருக்கு, பக்கத்துல மாடும் கோழியும் அதே இடத்துல மேயுது, ஆளுங்கள தான் காணோம். இதுல ஒருத்தனோட நிஜப் பேரு கூட எனக்கு தெரியாதுங்க, ஆனா யாரு எத்தன மணிக்கு வருவான், யாருக்கு எக்ஸாம் பயம், யாரு வீட்ல சண்டைன்னு எல்லாம் தெரியும்.

இந்த மாதிரி கேம் ப்ரெண்ட்ஷிப்ப இத்தன வருஷம் விடாம வச்சிருக்கவங்க இருக்கீங்களா? திரும்ப ஆடினா புதுசா ஆளு கிடைக்குமா, இல்ல வெறும் ஏக்கத்துக்கு மெம்பர்ஷிப் கட்டுறேனா?

லாப்ஸ்டர்_படகு:
நண்பா, ஒரு விஷயம் யோசிச்சு பாருங்க, அப்ப நாம ஏன் அவ்வளவு பேசினோம்? கேம் அவ்வளவு மெதுவா இருந்துச்சு, அதான். காசு கட்டாத அக்கவுன்ட்ல லாப்ஸ்டர் புடிக்கணும்னா போர்ட் சாரிம் துறைமுகத்துல 30 காயின் குடுத்து கப்பல் ஏறி கரம்ஜா தீவுக்கு போகணும், பை 28 ஸ்லாட்டும் ரொம்பினா திரும்ப கப்பல், அப்புறம் டிரேனர் கிராமத்து பேங்க் வரைக்கும் நடை, மறுபடி அதே ரவுண்டு. கூட ஒருத்தன் மீன் புடிச்சிட்டு நின்னா பேசாம என்ன பண்ண முடியும், கைக்கு ஒரு க்ளிக் தான் வேல, வாய் சும்மா தானே இருக்கு. ஒரு ஸ்கில் லெவல் 99 ஆகணும்னா 1 கோடியே 30 லட்சம் எக்ஸ்பிக்கு (அனுபவப் புள்ளி) மேல, லெவல் 92ல தான் பாதியே வருது, அந்த மீதி பாதில நான் கேட்ட சொந்தக் கதைங்க இருக்கே...

2007 நவம்பர்ல கிராண்ட் எக்ஸ்சேஞ்ச்ங்கற பொதுச் சந்தை வந்துச்சு பாருங்க, அதோட வேரக் நகரத்து பேங்க் வாசல்ல நின்னு கூவி விக்கிறது போச்சு. வசதி தான், மறுக்கல. ஆனா விக்கிறவன் மூஞ்சியே பாக்காம பொருள் கைக்கு வந்துடுது, அப்புறம் எங்கருந்து பழக்கம் வரும்.

சும்மா_ஒரு_நூப்:
படகு அண்ணே, ரொம்ப உருகாதீங்க 😄 அதே வேரக் பேங்க் வாசல்ல தான் "ஆர்மருக்கு ஃப்ரீயா ஓர அலங்காரம் (ட்ரிம்) பண்ணித் தரேன்"னு சின்னப் பசங்க கிட்ட புடுங்கிட்டு ஓடினானுங்க. இன்னொன்னு, ஓல்டு ஸ்கூல் எடுத்தது 2007 ஆகஸ்ட் பேக்கப்புலருந்து, அதுல எக்ஸ்சேஞ்சே கிடையாது. 2015ல ஓட்டெடுப்பு வச்சு தான் உள்ள கொண்டாந்தாங்க, அப்ப ஒரு மாற்றம் பாஸ் ஆகவே 75 சதவீதம் ஓட்டு வேணும், அவ்வளவு பேரு வேணும்னு கேட்டு வாங்கினது தான் அது. யாரும் நம்ம கிட்டருந்து எதையும் பறிச்சிடல.

ஆளு இப்பவும் கிடைக்கும் ப்ரோ. மொபைல்ல 2018லருந்து அதே அக்கவுன்ட்ட ஆடலாம்ங்கறதால வேல, குழந்தன்னு இருக்கவங்க கூட கொஞ்ச கொஞ்சமா ஓட்டுறாங்க. எங்க கிளானோட (கேம் குழு) டிஸ்கார்ட் சாட்ல பாதி நேரம் கேம பத்தி பேச்சே கிடையாது, ஒருத்தருக்கு வேல போச்சுன்னா ரெஸ்யூம் திருத்துறது வரைக்கும் நடக்குது.

மாயவலை:
தொலைஞ்சதுக்கு இன்னொரு காரணத்த யாரும் சொல்லல. அப்பல்லாம் கேம் சாட்ல மெயில் ஐடி போட்டா வெறும் ஸ்டார் ஸ்டாரா தான் வரும், தொடர்பு விவரம் கேக்கறதே ரூல்ஸ் மீறல். சின்னப் பசங்க நிறைய இருந்த இடம், அதனால அந்த ரூல் சரி தான், குறை சொல்ல மாட்டேன், ஆனா அதனாலயே கேம விட்டவன் உலகத்த விட்டே போன மாதிரி ஆயிட்டான். கோடாரி, உங்க லிஸ்ட்ல பேரு பக்கத்துல சின்ன ஐகான் இருக்கான்னு பாருங்க, பேரு மாத்தினவனா இருந்தா அதுல மவுஸ வச்சா பழைய பேரு காட்டும். எனக்கு அப்படி ஒருத்தர் சிக்கினார், யாரோ தெரியாத ஆளுன்னு அழிக்கப் போனேன்.

"வெறும் ஏக்கம்"னு சொன்னீங்கல்ல, அது மட்டும் ஒத்துக்க மாட்டேன். நார்வேல மாட்ஸ் ஸ்டீன்னு ஒருத்தர், தசை சிதைவு நோய், வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்ங்கற இன்னொரு ஆன்லைன் கேம்ல இபெலின்ங்கற பேர்ல ஆடிட்டு இருந்தவர். 2014ல 25 வயசுல இறந்துட்டார். பையன் ரூமுக்குள்ளயே தனியா வாழ்ந்து முடிச்சிட்டானேன்னு பெத்தவங்க நினச்சிட்டு இருந்தாங்க, அவரோட பிளாக்ல செய்திய போட்டப்புறம் வந்து குவிஞ்ச மெயில பாத்து தான் எத்தன பேருக்கு அவர் வேண்டியவர்னு அவங்களுக்கே தெரிஞ்சுது, அவரோட கேம் குழுவான கில்டுலருந்து சில பேரு வெளிநாட்டுலருந்து கிளம்பி இறுதிச் சடங்குக்கே வந்தாங்க.

பழைய_கோடாரி:
மாயவலை, அந்த ஐகான் மேட்டர் தெரியவே தெரியாது, ரெண்டு பேருக்கு இருக்கு! ஒருத்தன் இப்பவும் சிவப்பு தான், ஆனா எங்க கேங்ல ஹெர்ப் (மூலிகை) மட்டும் வளத்துட்டு சண்டைக்கே வராத ஆளு அவன், பேர பாத்ததும் சிரிப்பு வந்துடுச்சு. தினம் ராத்திரி கொஞ்ச நேரம் லாகின் பண்ணி வைக்கப் போறேன். படகு சொன்ன மெதுவான ஆட்டம் தான் எனக்கும் வேணும், ஆனா எக்ஸ்சேஞ்ச் பக்கமே போகாம இப்ப ஆட முடியுமா?

சும்மா_ஒரு_நூப்:
தாராளமா. 2021ல வந்த குரூப் ஐயர்ன்மேன் மோட் பாருங்க. எக்ஸ்சேஞ்ச் கிடையாது, வெளி ஆளு கூட ட்ரேட் கிடையாது, குரூப்புக்குள்ளயே மீன் புடிச்சு சமைச்சு ஒருத்தருக்கொருத்தர் குடுத்துக்கணும், அண்ணனுக்கு புடிச்ச அதே தொல்லை எல்லாம் இருக்கு.

லாப்ஸ்டர்_படகு:
அட இது நல்லா இருக்கே, எத்தன பேரு சேரலாம்?

சும்மா_ஒரு_நூப்:
2லருந்து 5 வரைக்கும். மாயவலையும் சேர்ந்தா இப்பவே நாம நாலு பேரு, அவங்க வராங்களா கேளுங்க.