பையன் 7-ம் வகுப்பு, உயர வரிசையில முதல் ஆள். கை எக்ஸ்ரே எடுக்கணுமா?

வேளச்சேரி அம்மா:
வயசு 12½, உயரம் 141 செ.மீ. அப்பா 168, நான் 155. ஒரு வருஷத்துல 5 செ.மீ.தான் கூடியிருக்கு. கூடப் படிக்கிற பொண்ணுங்க எல்லாம் இவனைத் தாண்டிட்டாங்க. கம்பியில தொங்கச் சொல்றாங்க மாமியார். அவங்களே வருஷா வருஷம் குள்ளமாயிட்டு வர்றாங்க!

இரும்பு டேப்:
முதல்ல அளவு சரியான்னு பாருங்க. ஃப்ளாட் சுவர்ல ஸ்கர்ட்டிங் டைல்ஸ் துருத்திட்டு இருந்தா குதிகால் ஒட்டினாலும் முதுகு ஒட்டாது. மூடின கதவுல நிக்க வைங்க. வெறுங்கால், நேர்ப் பார்வை, தலைமேல கெட்டி அட்டைப் புத்தகம். தையல் டேப் வேண்டாம், இழுபடும். எப்பவும் காலையிலேயே அளங்க. சாயங்காலத்துக்குள்ள முதுகெலும்புத் தட்டுகள் அமுங்கி 1 செ.மீ. வரைக்கும் குறையும். ஆறு மாசத்துக்கு ஒருதரம் போதும். மூணு மாசக் கணக்கை நாலால பெருக்கினா அரை செ.மீ. பிழை 2 செ.மீ. ஆயிடும்.

எழும்பூர்க்காரன்:
பொண்ணுங்களுக்கு வளர்ச்சி வேகம் சுமார் ரெண்டு வருஷம் முன்னாடியே வந்துடும். பசங்களுக்கு உச்சம் 13-14ல, வருஷத்துக்கு 9 செ.மீ. போல. அதுக்குச் சற்று முன்னாடி வேகம் தணியும், அதனால 5 செ.மீ. பயப்படுற அளவு இல்ல. பையனுக்குப் பருவத்தோட முதல் அடையாளம் விதை பெருசாகுறது. மீசை, குரல் எல்லாம் அப்புறம்தான்.

பெற்றோர் உயரத்தைக் கூட்டி, பையன்னா 13 சேர்த்து, ரெண்டால வகுங்க: 168. முன்னப்பின்ன 8 செ.மீ. இருக்கலாம்.

தொங்கினா தட்டுகள் கொஞ்சம் விரியும், சில மணி நேரத்துல பழையபடி ஆயிடும். வளர்றது எலும்பு நுனியில இருக்கிற குருத்தெலும்பு, அதை இழுத்து நீட்ட முடியாது. உயரம் தர்றதா விளம்பரம் பண்ற பவுடருக்குக் கொடுக்கிற காசுக்கு முட்டை வாங்குங்க.

வேளச்சேரி அம்மா:
இவன் அப்பாவும் பத்தாவதுக்கு அப்புறம்தான் வளர்ந்தாராம்.

எழும்பூர்க்காரன்:
அப்போ அது குடும்பவாகா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இடது கை எக்ஸ்ரேல எலும்பு வயசு (எலும்பு எவ்வளவு முதிர்ந்திருக்குங்கிற கணக்கு) பின்தங்கித் தெரிஞ்சா, இன்னும் வளர அவகாசம் இருக்குன்னு அர்த்தம். இப்பவே எடுக்கணும்னு இல்ல. வருஷத்துக்கு 4 செ.மீ.க்குக் கீழ போனாலோ, வளர்ச்சி வரைபடத்துல கோடு விட்டுக் கோடு இறங்கினாலோ, 14 ஆகியும் பருவ அடையாளமே இல்லாட்டியோ குழந்தை நல மருத்துவர்கிட்ட காட்டுங்க. தைராய்டும் பார்ப்பாங்க.

இரும்பு டேப்:
மாமியாரை விட்டுட்டோமே. 40க்கு மேல பத்து வருஷத்துக்குச் சுமார் 1 செ.மீ. குறையறது இயல்பு, 70க்கு மேல இன்னும் கூடும். இளவயசு உயரத்துல இருந்து 4 செ.மீ.க்கு மேல குறைஞ்சிருந்தா வலியே இல்லாம முதுகெலும்பு நொறுங்கியிருக்கலாம். முதுகு எக்ஸ்ரேயும், எலும்பு அடர்த்தி பார்க்கிற டெக்ஸா ஸ்கேனும் கேளுங்க. பழைய உயரம் தெரியலேன்னா ரெண்டு கையையும் விரிச்சு நடுவிரல் நுனிக்கு நுனி அளங்க. அது வயசானாலும் அவ்வளவா குறையாது, பழைய உயரத்துக்குக் கிட்டத்தட்ட வரும்.