ஓகே என்பதன் விரிவு என்ன?

மாலதி அத்தை: அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஒருவரும் இறக்காத நாளில் 'ஜீரோ கில்டு' (0 Killed) என்று பலகையில் எழுதிவைத்ததிலிருந்துதான் 'ஓகே' பிறந்தது என்று ஒரு ஃபார்வர்டு வந்திருக்கிறது. இது உண்மையா, அண்ணா?

சுந்தர் பெரியப்பா: அது கட்டுக்கதை, மாலதி. அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியதே 1861-இல்தான், 'ஓ.கே.' என்பதோ 1839 மார்ச் 23 அன்றே பாஸ்டன் மார்னிங் போஸ்ட் நாளிதழில் அச்சாகிவிட்டது. சொற்றொடர்களை வேண்டுமென்றே பிழையாக எழுதி, அந்தப் பிழையின் முதலெழுத்துகளை மட்டும் அச்சிடும் குறும்பு அப்போது பாஸ்டன் பத்திரிகையாளர்களிடம் பரவியிருந்தது. அப்படித்தான் 'ஆல் கரெக்ட்' என்பது 'ஓல் கொரெக்ட்' (oll korrect) ஆகி, 'ஓ.கே.' என்று சுருங்கியது. 'ஆல் ரைட்' இதே வழியில் 'ஓல் ரைட்' (oll wright) ஆகி, 'ஓ.டபிள்யூ.' ஆனது.

நிவேதா: ஓ.டபிள்யூ. வழக்கொழிந்துபோக, ஓ.கே. மட்டும் எப்படிப் பிழைத்தது, பெரியப்பா?

சுந்தர் பெரியப்பா: தேர்தல் காப்பாற்றியது, நிவேதா. 1840-இல் மறுபடியும் போட்டியிட்ட அதிபர் மார்ட்டின் வான் பியூரன் நியூயார்க் மாநிலத்தின் கிண்டர்ஹூக் ஊரில் பிறந்தவர். 'ஓல்டு கிண்டர்ஹூக்' என்ற அவருடைய பட்டப்பெயரின் முதலெழுத்துகளும் ஓ, கே என்றே அமைந்ததால் ஆதரவாளர்கள் 'ஓ.கே. கிளப்' தொடங்கினார்கள். எதிரணியினரோ, முந்தைய அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சனுக்குப் பிழையின்றி எழுத வராது என்றும், அவர் கோப்புகளில் இட்ட குறிதான் இது என்றும் கதைகட்டினார்கள். வான் பியூரன் தோற்றார். அவரை முன்னிட்டு ஊரெங்கும் புழங்கிய சொல் நிலைத்துவிட்டது.

ரகு சித்தப்பா: சோக்டா பழங்குடியினரின் மொழியிலிருந்து வந்தது என்றல்லவா நான் படித்திருக்கிறேன்?

சுந்தர் பெரியப்பா: அதிபர் உட்ரோ வில்சன்கூட அதைத்தான் நம்பினார், ரகு. ஆனால் 1960-களில் ஆலன் வாக்கர் ரீட் என்ற ஆய்வாளர் பழைய நாளிதழ்களைத் துருவி, பாஸ்டன் வரலாற்றை நிறுவினார். 1839-ஆம் ஆண்டு இதழில் 'ஆல் கரெக்ட்' என்ற பொருளும் பக்கத்திலேயே அச்சாகியிருக்கும்போது, வேறு சான்று எதற்கு?

மாலதி அத்தை: பொருளும் இடத்துக்கு இடம் மாறுகிறதே! 'வரலாமா?' என்பதற்கு 'ஓகே' என்றால் சம்மதம்; 'படம் எப்படி?' என்பதற்கு அதே சொல்லைச் சொன்னால் சுமார்தான் என்று ஆகிவிடுகிறது.

நிவேதா: ஒற்றைக் 'கே' மட்டும் அனுப்பினால் கோபம் என்று பொருள், அத்தை. நேற்று எனக்கு நீங்கள் அதைத்தான் அனுப்பியிருந்தீர்கள்.