புதுப்பிப்பு: மாடித் தோட்டத்து டிராகன்கள்

வேலூர் வெயிலை மாடியிலுள்ள ஸ்நாப்டிராகன் (டிராகன் வாய் போலப் பூக்கும் செடி) தாங்குமா, அண்ணன் பிள்ளைகளுக்குச் சொல்ல டிராகன் கதை உண்டா என்று முன்பு கேட்டிருந்தேன்.

குளிர்காலச் செடிதானே, பங்குனி பாதியோடு பூ நின்றுவிட்டது. பச்சை நிழல்வலை கட்டியதால்தான் அதுவரைகூட வந்தது.

கதைகளில் ஜெயித்தது ஸ்பெயினிலுள்ள கட்டலோனியாவின் கதை. புனித ஜார்ஜ் குத்திச் சாய்த்த டிராகனின் ரத்தத்திலிருந்து ரோஜா பூத்ததாம். அங்கே ஏப்ரல் 23 அன்று இன்றும் ரோஜா கொடுக்கிறார்கள். சின்னவள் ஜார்ஜாக விளக்குமாற்றுக் குச்சியோடு நிற்பாள், பெரியவன் ஸ்நாப்டிராகன் பூவின் கன்னத்தை இரு விரலால் அழுத்துவான், வாய் பிளக்கும், உடனே குத்து! கருவண்டு கீழுதட்டை மிதித்துத் திறந்து உள்ளே போனதைப் பார்த்ததும் இருவரும் சண்டையை மறந்தே போனார்கள்.

இப்போது காய்கள் காய்ந்துவிட்டன. ஒவ்வொன்றும் கண்ணும் வாயும் ஓட்டையான குட்டி மண்டையோடு! செத்த டிராகன்கள் என்று பிள்ளைகள் டப்பாவில் சேர்க்கிறார்கள். உள்ளே பொடிப்பொடியாய் விதை. ஐப்பசியில் மேலாகத் தூவுங்கள், மண் போட்டு மூடாதீர்கள், முளைக்க வெளிச்சம் வேண்டும். காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் இருப்பவர்கள் கேளுங்கள், தருகிறேன்.