9,500 ஸ்லோட்டிதான் போலந்தைக் காப்பாற்றியதா?

கணக்கர்: "1990 ஜனவரி 1 அன்று போலந்து நாணயமான ஸ்லோட்டியின் மதிப்பை டாலருக்கு 9,500 என்று நிலையாகக் கட்டிவைத்தார்கள், அங்கே விலைவாசி அடங்கிவிட்டது" என்று வடகரை எழுதியதற்கு இத்தனை கைதட்டலா? அந்த ஜனவரியில் மட்டும் விலைகள் ஏறக்குறைய 80 சதவீதம் ஏறின. அடக்கியது போப்பிவெக், அதாவது சம்பளத்தை வரம்புக்கு மேல் ஏற்றிய ஆலைகள் கட்ட வேண்டியிருந்த வரி. விலை 10 சதவீதம் ஏறினால் ஜனவரியில் அரசு ஆலை சம்பளத் தொகையை 3 சதவீதம்தான் ஏற்றலாம், பிப்ரவரியிலிருந்து 2. தாண்டிய ஒவ்வொரு ஸ்லோட்டிக்கும் 2 முதல் 5 ஸ்லோட்டி வரி.

வடகரை: முதல் மாதங்களில் ஆலைகள் கொடுத்த சம்பளம் அந்த வரம்பையே தொடவில்லை. தொடாத வரம்பு எதை அடக்கும்? 9,500 மட்டும் 1991 மே வரை அசையவில்லை. அதைக் காக்க ஒதுக்கிய 100 கோடி டாலர் நிதியும் அப்படியே கிடந்தது.

கணக்கர்: ஏன் கிடந்தது? ஸ்லோட்டியை அடிமாட்டு விலைக்குக் கட்டியதால்! இறக்குமதிப் பொருளின் விலை எகிறியதே அந்த 9,500-ஆல்தான். பிறகு உள்ளூர் விலை ஏறிக்கொண்டே போக, விகிதம் நின்ற இடத்திலேயே நிற்க, ஏற்றுமதி செய்த ஆலைகளின் லாபம் கரைந்தது. அந்த மேயில் ஸ்லோட்டியின் மதிப்பை டாலருக்கு 11,100 என்று இறக்கினார்கள், டாலரோடு மட்டும் கட்டுவதை விட்டு ஐந்து நாணயங்களைச் சேர்த்த கூடையோடு கட்டினார்கள், அக்டோபரிலிருந்து மாதம் 1.8 சதவீதம் இறக்கம். விலைவாசியைப் பிடித்து நிறுத்திய நங்கூரம் போல நீங்கள் பேசும் விகிதம் இரண்டு வருடம்கூடத் தாங்கவில்லை.

நெய்தல்: இருவரும் வட்டியை விட்டுவிட்டீர்கள். ஜனவரியில் மத்திய வங்கியின் வட்டி மாதத்துக்கு 36 சதவீதம், பழைய கடன்களுக்கும் சேர்த்து.

கணக்கர்: விலை 80 ஏறும்போது வட்டி 36 என்றால் கடன் வாங்கியவனுக்குத்தான் லாபம். கழித்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

நெய்தல்: மார்ச்சில் விலையேற்றம் ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிட்டது. அந்த மாதக் கணக்கையும் கழித்துப் பாருங்கள்.

வடகரை: எஸ்தோனியா பற்றிப் பேசியபோதும் கணக்கர் இப்படித்தான் நழுவினார். 1992 ஜூன் 20, அந்த நாட்டின் புது நாணயமான குரோனை ஒரு ஜெர்மன் மார்க்குக்கு 8 என்று கட்டினார்கள். அதுவும் விகிதம்தானே?

கணக்கர்: நழுவவில்லை, அன்றும் பதில் சொன்னேன், நீங்கள் படிக்கவில்லை. அங்கே அப்போது கையிருப்பில் தங்கமோ அந்நியச் செலாவணியோ இருந்தால்தான் குரோன் அச்சிட முடிந்தது. பட்ஜெட்டில் துண்டு விழுந்தால் மத்திய வங்கி அரசுக்குக் கடன் தரக் கூடாது என்றும் இருந்தது. போலந்தில் அப்படிப்பட்ட கட்டு எங்கே இருந்தது? தொடாத வரம்பு என்கிறீர்களே, ஆலைகள் மிச்சம் வைத்த வரம்பைச் சேர்த்துவைத்து ஆண்டின் பின்பாதியில் சம்பளத்தை ஏற்றின, விலையும் கூடவே ஏறியது. அப்போதும் டாலர் 9,500-தான்! எதை அடக்கியது உங்கள் 9,500?

வடகரை: 9,500 இல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பின்பாதி என்ன ஆகியிருக்கும் என்று முதலில் சொல்லுங்கள்.

கணக்கர்: கேட்டது நான். பதில் உங்களிடமிருந்துதான் வர வேண்டும்.