செயற்கைக்கோள் கணக்கில் பாதிதான் வருகிறது, எங்கே தப்பு?

கடலோர அனல்மின் நிலையம் ஒன்றின் நைட்ரஜன் ஆக்சைடு வெளியேற்றத்தை சென்டினல்-5பி செயற்கைக்கோளின் ட்ரோபோமி என்ற வாயு அளவிடும் கருவியின் தரவிலிருந்து கணக்கிடுகிறேன். 2 வாரமாக முட்டி நிற்கிறேன்: புகைபோக்கி மானி காட்டுவதில் பாதிதான் என் விடை.

2022 முழு ஆண்டுத் தரவு, தர மதிப்பு 0.75-க்கு மேலுள்ள பிக்சல்கள் மட்டும். காற்றின் வேகத்துக்கு இஆர்ஏ5 (ஐரோப்பிய வானிலை மறுபகுப்பாய்வுத் தரவு), 10 மீட்டர் உயரத்திலிருந்து 100 மீட்டருக்கு மாற்றினேன், விடை கொஞ்சம் ஏறியது, அவ்வளவுதான். கருவி அளக்கும் நைட்ரஜன் டை ஆக்சைடிலிருந்து மொத்த நைட்ரஜன் ஆக்சைடுக்கு மாற்ற, வழக்கமான 1.32 ஆல் பெருக்கினேன். வாயு காற்றில் நிலைக்கும் ஆயுளை 4 மணி நேரத்திலிருந்து 2 ஆகக் குறைத்தால் எண் கச்சிதமாகப் பொருந்துகிறது, ஆனால் அது விடையைப் பார்த்துக் கணக்குப் போடுவது.

வரைபடத்தில் புகைத்தடம் 20 கிலோமீட்டர் தாண்டியதும் வளைகிறது. செயற்கைக்கோள் கடக்கும் பிற்பகல் 1.30 கடல்காற்று நேரம் வேறு; இஆர்ஏ5 கட்டமோ 31 கிலோமீட்டர்.

முதலில் எதைத் திருத்துவது: காற்றையா, தரவோடு வரும் 1 டிகிரி கட்டச் செங்குத்துப் பரவல் அனுமானத்தையா (எந்த உயரத்தில் எவ்வளவு வாயு என்பது)?